கோட்டுக்காரன் மகன்

அந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் வீராதி வீரர்கள். அதில் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் சொன்னதெல்லாம் அவரவர் வீட்டு ஆட்கள்.

புதிதாகக் கட்டிய ஊர்மன்றத்தில் அந்த ஏழு பேரின் படத்தையும், கீழே நாலு வரி வரலாற்றையும் மாட்டுவதென்று முடிவானது. வீடு வீடாகப் போய்ப் படம் வாங்கி, கதை கேட்டு எழுதும் வேலை ரிட்டையர்டு கண்டக்டர் தலையில் விழுந்தது. காலமெல்லாம் இந்த ஊர் பஸ்ஸில் விசில் அடித்தவர், எந்த வீட்டுப் படியும் அவருக்குப் பழக்கம். மன்றத் தலைவர் அவரைக் கேட்டபோது சுற்றி நின்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். காரணம் இருந்தது.

கண்டக்டரின் அப்பாவும் போருக்குப் போனதாகச் சொன்னவர்தான். ஊர்தான் நம்பவில்லை. ஏழு பேரும் கும்பலாகத் திரும்பி வந்து வெகுநாள் கழித்து, ராணுவக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் தனியாக வந்து சேர்ந்தார். படம் இல்லை, பதக்கம் இல்லை, காட்டுவதற்கு ஒரு தழும்புகூட இல்லை. அங்கே என்னய்யா செய்தாய் என்று டீக்கடையில் கேட்டதற்கு, குழி வெட்டினேன் என்றார். குழி வெட்ட அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊரில் மண்ணுக்கா பஞ்சம் என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. எங்கேயோ கிணறு தோண்டிவிட்டு, வரும் வழியில் சந்தையில் பழைய கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வந்த ஆள் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கோட்டுக்காரன் என்று பெயரும் வைத்தது. அவர் மறுக்கவில்லை. குளிர்காலம் தவறாமல் அதே கோட்டோடு வயலுக்குப் போனார், வந்தார், ஒருநாள் போய்ச் சேர்ந்தார்.

ஆள் போனாலும் பட்டம் போகவில்லை. அது மகனுக்கு வந்தது. கோட்டுக்காரன் மகனே என்று பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் கண்டக்டர் திரும்ப மாட்டார். கூப்பிட்டவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் விசிலும் அடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் இந்த வேலைக்குச் சம்மதித்தது, ஏழு வீட்டில் ஏதாவது ஒன்றிலாவது அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்காதா என்றுதான். ஒன்று கிடைத்தால் போதும், சுவரில் எட்டாவதாக ஓர் ஆணி அடித்துவிடலாம்.

கதைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் பாலத்தைத் தனியாளாகக் காத்தார். இன்னொருவர் தளபதியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தார். தளபதி நல்ல கனம் என்று பேரன் கூடுதல் தகவல் கொடுத்தான். எல்லாரும் சுட்டார்கள். சமைத்ததாக ஒருவரும் இல்லை. அத்தனை பெரிய படை பட்டினி கிடந்தா சண்டை போட்டது என்று கண்டக்டருக்குத் தோன்றியது, ஆனால் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லா வீட்டிலும் உடனே காபி வந்தது.

வாங்கிவந்த படங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, அவற்றின் கண்ணாடியைத் துடைத்தார். ஏழு முகம், ஏழு விறைத்த தோள், ஏழு துப்பாக்கி. காய் நறுக்க இடம் கேட்டு வந்த மனைவி, தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"இது மாமா கோட்டுல்ல?"

ராணுவக் கோட்டெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார் அவர். அவள் ஒரு படத்தின் மூன்றாவது பட்டன் மேல் விரலை வைத்தாள். மற்றவை பித்தளை, அது மட்டும் வெள்ளைச் சட்டைப் பட்டன். அதற்குச் சற்று மேலே, நெஞ்சின் இடதுபக்கம், காசளவுக்கு ஓட்டையை இழுத்துத் தைத்த தையல். விரல் அடுத்த படத்துக்குப் போனது, அதற்கும் அடுத்ததற்குப் போனது. அந்த வெள்ளைப் பட்டன் அறுந்தபோதெல்லாம் தைத்துக் கொடுத்தவள் அவள். நல்ல பட்டன் மாற்றித் தருகிறேன் என்றால் மாமனார் விட்டதில்லை.

கண்டக்டர் பஸ் பாஸ் பார்த்துப் பழகிய கண்ணால் மறுபடி பார்த்தார். ஒரே பாஸில் ஏழு பேர் ஏறியிருந்தார்கள். துப்பாக்கியும் ஒன்றேதான், அதன் கட்டை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பெயர்ந்திருந்தது. இத்தனை வருஷமும் அவரவர் வீட்டில் அவரவர் ஆளின் முகத்தைத்தான் பார்த்தார்களே தவிர, பட்டனைப் பார்க்க யாருக்கு என்ன வந்தது.

கோட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் தண்ணீர் மோட்டார் நனையாமல் இருக்க அதைத்தான் போர்த்தியிருந்தார்கள்.

ஏழு பேரில் உயிரோடு இருந்தவர் ஒருவர்தான். கண்டக்டருக்குச் சித்தப்பா முறை. முதல் தடவை போனபோது அவர் தூங்குகிறார் என்று சொல்லி, அவர் பீரங்கிப் படையில் இருந்த கதையை மருமகளே சொல்லி அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை கண்டக்டர் நேரே கட்டிலுக்குப் போய்ப் படத்தையும் கோட்டையும் போர்வைமேல் வைத்துவிட்டு, பீரங்கிப் படையைப் பற்றிக் கேட்டார்.

"பீரங்கியா? நான் வெங்காயம் உரிச்சேன்" என்றார் சித்தப்பா.

மருமகள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு கிழவரைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. தளபதியைச் சுமந்தவர் கழுதை மேய்த்தார். பாலத்தைக் காத்தவர் கக்கூஸ் கட்டினார். கோட்டெல்லாம் சண்டை போடுகிறவர்களுக்குத்தான், இவர்களுக்குக் கிடையாது. ஊருக்குக் கிளம்பும்முன் ஸ்டுடியோவில் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ள ஆசை வந்தது. துப்பாக்கி ஸ்டுடியோக்காரருடையது, வெறும் மரம். கோட்டு, கண்டக்டரின் அப்பாவுடையது. அவர் அங்கே வெட்டியது செத்தவர்களுக்கான குழி. மண்வெட்டி இறங்காத குளிரில், தான் புதைக்க வேண்டிய ஒருவனின் உடம்பிலிருந்து அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க எல்லாருக்கும் கழட்டிக் குடுத்தான். கடைசில, நீயும் மாட்டிட்டு நில்லுடான்னோம். மாட்டேன்னுட்டான்."

"ஏன் சித்தப்பா?"

"உங்களுக்குச் செத்தவன் மூஞ்சி தெரியாது, போட்டுக்கங்க, எனக்குத் தெரியும்னான்."

கண்டக்டர் அந்தக் காசளவு தையலைப் பார்த்தார். அழுகை வந்தது. அந்த வயதில் அடுத்தவர் வீட்டில் அழுவது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதார். மருமகள் காபி கொண்டு வந்து வைத்தாள்.

"எங்க வேலை முடிஞ்சுது, கிளம்பிட்டோம். உங்கப்பன் வேலை முடியல" என்றார் சித்தப்பா. படத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "கோட்டப் பத்திப் பேசினா எங்க போட்டோவப் பத்தியும் பேசணுமே, தம்பி. அவனும் வாயத் திறக்கல. அப்படியே விட்டுட்டோம். தப்புதான். நீ இப்ப சொல்லு. நான் வந்து ஆமான்னு சொல்றேன்."

திறப்பு விழாவன்று சித்தப்பாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கண்டக்டர் மடியில் ஒரு துணிப்பை. உள்ளே கோட்டு இருந்தது, மனைவி துவைத்து, வெள்ளைப் பட்டனை இறுக்கித் தைத்துக் கொடுத்தது. கோட்டு கையில், படங்கள் சுவரில், சாட்சி எதிரில். இதற்குமேல் என்ன வேண்டும்? தலைவர் அவரைப் பேசக் கூப்பிட்டார்.

எழுந்து சுவரைப் பார்த்தார். ஏழு படத்திலும் அதே தையல். அப்பாவைத்தான் தேடிக்கொண்டு வந்தார். இப்போது கண்ணில் பட்டதெல்லாம் அந்த இன்னொருவன், அந்தக் கோட்டோடு செத்தவன், ஊர் பேர் தெரியாதவன். இப்போது வாயைத் திறந்தால், நாளைக்கு அந்தக் கோட்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போடுவார்கள். ஒரு படம் எடுத்துக்கொள்ளக்கூட அப்பா மாட்டிக்கொள்ளாத கோட்டு. சித்தப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆணியெல்லாம் நல்லா அடிச்சிருக்காங்க. விழாது" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் கும்பிட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், கோட்டுக்காரன் மகனே, உங்கப்பா வெட்டின குழியையும் ஒரு போட்டோ எடுத்து மாட்டுறதுதானே என்றது. மன்றமே சிரித்தது. கண்டக்டர் திரும்பினார். அந்தப் பெயருக்கு அவர் திரும்பி யாரும் பார்த்ததில்லை என்பதால் சிரிப்பு கொஞ்சம் தடுமாறியது.

"ஆமா, குழிதான் வெட்டினார்" என்றார். "நான் அவர் மகன்தான்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே நல்ல குளிர். கண்டக்டர் பையிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டு, பட்டன்களை மேலிருந்து கீழாக மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.