அந்தோனியம்மாவின் நடை

“என் காலுக்கு என்னடி பண்ணித் தொலைச்ச—”

“கத்தாதீங்க, அடுத்த காம்பராவுல இருக்கவங்களுக்குக் கேக்குது—”

“கேக்கட்டும்டி! லயமே பாத்துச்சு, இனி கேட்டா என்னா? பொம்பளைங்க வரிசையில கொண்டுபோய் நிப்பாட்டிருச்சு—”

“நானா நிப்பாட்டுனேன்? மாட்டிக்கிட்டு நடந்தது நீங்க—”

“நான் தவறணைப் பக்கம் திருப்புறேன், அது மலைப் பக்கம் திரும்புது!”

மாணிக்கராஜ் சொன்னதில் பொய்யில்லை. ஐந்து வருடமாகக் கட்டிலை விட்டு இறங்காத அவன், அன்று விடிந்ததும் பதுளையிலிருந்து வந்த இயந்திரக் கால்களை மாட்டிக்கொண்டு, தன் மனைவி அந்தோனியம்மாவின் நடையில் நடந்துபோய், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றான். கங்காணி “அந்தோனியம்மா” என்று பேர் கூப்பிட்டபோது முன்னால் ஒரு எட்டு வைத்தான். பக்கத்தில் நின்ற அந்தோனியம்மாவும் அதே நேரத்தில் அதே காலை எடுத்து வைத்தாள். கங்காணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மழை வருவதற்குள் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்ச் சேரும்படி சொன்னார். அப்புத்தளைக்குக் கீழே உள்ள தோட்டங்களில் அந்த வாரம் பேச்செல்லாம் கோதுமை மாவு விலையைப் பற்றித்தான். இது அதற்கு அடுத்ததாகத்தான் பேசப்பட்டது.

தவறணையில் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் வடிகால் கானுக்குள் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதிலிருந்து மாணிக்கராஜுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவன் எழுந்து நடக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் சாமியார் ஜெபம் சொல்வார், லயத்துச் சனமே முழங்காலில் நிற்கும். அந்தோனியம்மாவும் நிற்பாள். ஆனால் அவள் மாதாவிடம் கேட்டது வேறு. அந்தக் கால் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் தாயே என்றுதான் கேட்டாள். இருபத்தியொரு வருடம் அந்தக் கால் அவளை எங்கெங்கே உதைத்தது என்று அவள் விலாவுக்குத் தெரியும். அவன் விழுந்த பிறகுதான் அவள் உடம்பு ஒரே நிறத்துக்கு வந்தது. படுத்த படுக்கையில் அவனால் டம்ளரைத்தான் வீச முடிந்தது. டம்ளருக்கு ஒதுங்குவது பெரிய வேலையில்லை.

மாதா பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. பதுளையில் புதிதாகத் திறந்த ஒரு நிலையத்தில் மாணிக்கராஜின் இடுப்பிலிருந்து பாதம்வரை அளவெடுத்து, முழங்காலில் மோட்டாரும் முதுகில் பற்றரியும் வைத்த அலுமினியக் கால்களைப் பொருத்தினார்கள். அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட ஜஸீல் என்ற இளைஞன் விளக்கமாகச் சொன்னான். கால் தானாக நடக்காது, வீட்டில் யாராவது ஒருவருடைய நடையை அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும், நடையைப் பதிவு செய்யும் பட்டியைக் காலில் கட்டிக்கொண்டு இந்த மண்டபத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், நடந்தால் போதும். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் ஷெல்டனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட வந்திருந்தது அந்தோனியம்மாதான். “ஒரு கெழம பெரட்டுக்குப் போகாம இருக்க ஏலாது தம்பி,” என்றாள் அவள். “கட்டி வுடுங்க, நான் மலைக்கே போட்டுக்கிட்டுப் போறேன்.” நடை எங்கே நடந்தாலும் நடைதானே என்று ஜஸீல் தலையை ஆட்டிவிட்டான். அவள் சேலைக்குள் பட்டியோடு கொழுந்து எடுத்தாள், பீலியில் தண்ணீர் பிடித்தாள், அடுப்பு ஊதினாள், டம்ளருக்கு ஒதுங்கினாள். கழற்று என்று யாரும் சொல்லாததால் தூக்கத்திலும் கழற்றவில்லை. பட்டியில் ஏறியது ஒரு கிழமை. கால்களிலிருந்து வெளியே வந்ததோ அவளுடைய முழு ஆயுசு.

மழைக்காலம் வந்தது, போனது. மாணிக்கராஜ் விடியுமுன் பீலிக்கரை வரிசையில் நின்றான். கூடை இல்லாமலே கூனிக்கொண்டு மேட்டில் ஏறினான். தேயிலைச் செடிக்கு முன்னால் கால் நின்றுவிட்டால் அது நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. அதனால் கொழுந்து கிள்ளினான். “வாங்க மதினி, கொழுந்து முத்திப்போச்சா?” என்று பெண்கள் அவனைக் கேலி செய்தார்கள். “சேலைய எங்க மதினி, காயப்போட்டிருக்கீங்களா?” தவறணைக்கு முன்னால் கால்கள் உள்ளே போகவில்லை. எதிரே டர்பன்டைன் மரத்தின் மறைவில் போய் நின்றன. புருசனைக் கூட்டிப்போக அந்தோனியம்மா காத்துக் கிடந்த இடம் அது. உள்ளேயிருந்து கூட்டாளி வீரய்யா, “அண்ணே, ஊத்தி வச்சிருக்கேன், வாங்கண்ணே!” என்று கத்தினான். மாணிக்கராஜுக்கு வாயெல்லாம் ஊறியது. கால்கள் தவறணை மூடும்வரை மழையில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பின. ஒக்டோபர் கடைசியில் அவை அவனைக் கொஸ்லந்தை பஸ்ஸில் ஏற்றி, மீரியபெத்தையில் பல வருடங்களுக்கு முன் மண் சரிந்து லயங்களை மூடிய மேட்டுக்குக் கொண்டுபோய் முழங்காலிட வைத்தன. அந்தோனியம்மாவின் தங்கச்சி அந்த மண்ணுக்குள்தான் இருந்தாள். அவளுடைய முப்பதாம் நாள் பூசைக்கு அந்தோனியம்மா புறப்பட்டபோது கதவைப் பூட்டியவன் அவன். கால்கள் அன்று சாயந்திரம்வரை எழுந்திருக்கவில்லை.

கழற்றி எறிந்தால் கட்டில், மாட்டினால் பொண்டாட்டியின் வழி. இரண்டில் ஒன்றுதான் என்றபோது அவன் மாட்டிக்கொண்டான். நிமிர்ந்து நிற்கும் ருசியை ஒரு தரம் கண்டவனுக்குக் கட்டில் பிடிக்காது. ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. ஜஸீலுக்குப் போன் மேல் போன் போட்டு, பொம்பளை நடையை அழித்து ஆம்பளை நடையை ஏற்றித் தரும்படி கேட்டான். வீரய்யாவின் நடையை ஏற்றுவது என்று முடிவானது. வீரய்யா பட்டியைப் பார்த்துப் பின்வாங்கினான். “என் நடைய எதுக்குண்ணே கேக்குறீங்க? எனக்கே அது வீடு வந்து சேர மாட்டேங்குது.” எப்படியோ அவனும் கட்டிக்கொண்டு நடந்து கொடுத்தான். அந்த நாட்களில் அந்தோனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிலிலிருந்து அவன் அவளையே பார்த்துக்கொண்டு, “வரட்டும்டி, என் காலு வரட்டும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜஸீல் லயத்துக்கு வந்தான். பழையதை அழித்தான், புதியதை ஏற்றினான். மாணிக்கராஜ் எழுந்து வீரய்யாவைப் போல இரண்டு எட்டு தள்ளாடினான். மூன்றாவது எட்டு அந்தோனியம்மாவுடையது. ஜஸீல் மறுபடி அழித்தான், மறுபடி ஏற்றினான். கடைசியில் கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, “அழிச்சாலும் இரிக்கி அண்ணன். இனி இது இப்பிடித்தான்,” என்று சொல்லி, பிளேன்டீ குடித்துவிட்டு பதுளை பஸ்ஸுக்குப் போனான். வாசலில் கூடியிருந்தவர்களும் இனி அது அப்படித்தான் என்று தலையாட்டிவிட்டு சமைக்கப் போனார்கள்.

மாணிக்கராஜ் கதவைச் சாத்தினான். “சூனியக்காரி,” என்றான். “காலு உன்னோடதாவே இருக்கட்டும், கையி என்னோடதுதான்டி.” அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து ஓங்கினான். அந்தோனியம்மாவின் வலது கால் பழக்கத்தில் பின்னால் போனது. அவனுடைய வலது காலும் பின்னால் போனது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நின்றாள். அவன் கால்கள் நிற்கவில்லை. ஒரு எட்டு, இன்னொரு எட்டு, பிறகு பக்கவாட்டில். மண்ணெண்ணெய்க் கேனைத் தள்ளிவிட்டு, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் அவனை முதுகுப்புறமாகச் செருகின. முழங்கால்கள் மடங்கி நெஞ்சோடு ஒட்டின. கட்டை கையிலிருந்து நழுவி உருண்டது.

அந்தச் சந்து இத்தனை சின்னது என்று அந்தோனியம்மாவுக்கு அதுவரை தெரியாது. அவள் உள்ளே இருந்துதான் அதைப் பார்த்திருக்கிறாள். குனிந்து கட்டையை எடுத்தாள். மாணிக்கராஜ் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். அவள் கட்டையை அடுப்பில் வைத்து ஊதினாள், கேத்திலை ஏற்றினாள். அவன் கால்களை இழுத்துப் பார்த்தான், அடித்துப் பார்த்தான். அவை அசையவில்லை.

“எந்திரிக்க மாட்டேங்குதே புள்ள,” என்றான். அவன் குரல் அவ்வளவு தணிந்து அவள் கேட்டதில்லை. “இது எப்பத்தான் எந்திரிக்கும்?”

அந்தோனியம்மா தேயிலையைப் போட்டாள்.

“கொஞ்ச நேரம் எடுக்கும். அடிச்சுப்போட்டுப் போன பொறகு நான் அங்கேருந்து எப்ப எந்திரிப்பேன்னு, ஒருநாளாச்சும் நின்னு பாத்திருக்கீங்களா?”