சுமையை இறக்கிய பிளாஸ்மிட்

தில்லி மாநாட்டுக்கு இன்னும் நான்கே நாள். பேராசிரியை ஹேமாவதி கடைசி ஸ்லைடைத் திருத்திக்கொண்டிருந்தபோது டெக்னீஷியன் ஞானஜோதி கதவருகே வந்து நின்றாள்.

"மேடம், அந்த பிளாஸ்மிட் மேல எனக்கு சந்தேகமா கீது."

ஹேமாவதிக்குச் சுருக்கென்றது. தாம்பரத்தில் அந்தக் கல்லூரி ஆய்வகத்தின் மூன்று வருட உழைப்பு அது. பம்மலைச் சேர்ந்த ஒரு நோயாளியின் ரத்தத்தில் கிடைத்த ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணுவை, பிளாஸ்மிட் என்னும் சின்ன டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றி, பாக்டீரியாவுக்குள் வளர்த்துப் பெருக்கி, கல்லீரல் செல்களுக்குள் அனுப்பிப் பார்த்திருந்தார்கள். மற்ற நோயாளிகளின் ஹெபடைடிஸ் வைரஸ்கள் உண்டாக்கும் புரதத்தில் கால்வாசியைத்தான் இது உண்டாக்கியது. ரத்தப் பரிசோதனை தேடுவதும் அதே புரதத்தைத்தான். அப்படியென்றால் பரிசோதனைக்குச் சிக்காத வைரஸ் ஒன்று ஊருக்குள் உலவுகிறது! அதைச் சொல்லத்தான் தில்லிப் பயணம்.

"இப்ப வந்து சொல்றீங்களே ஜோதி! என்ன சந்தேகம்?"

"முன்னெல்லாம் அந்த பாக்டீரியாவ தட்டுல போட்டா ரெண்டு நாள் கழிச்சுதான் புள்ளி புள்ளியா தெரியும். இப்ப மறுநாள் காலைலயே கொழுகொழுன்னு வந்து நிக்குது. இம்மாம் வேகம் ஆவாது மேடம். அதான் என்சைம் போட்டு வெட்டி, ஜெல்லுல ஓட்டிப் பாத்தேன்."

டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் அந்த ஜெல்லின் படத்தை மேசைமேல் வைத்தாள். முழு மரபணு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கோடு. அதற்கு வெகு கீழே, சின்னத் துண்டுகள் போய்ச் சேரும் இடத்தில், பளிச்சென்று இன்னொன்று.

ஹேமாவதி படத்தைக் கையில் எடுத்தாள். வைரஸ் மரபணுவின் ஒரு பகுதி அந்த வளையத்தில் இரண்டு தடவை வரும். ஒன்றுபோல் இருக்கும் அந்த இரண்டும் சேர்ந்துகொண்டால், இடையில் உள்ள வைரஸ் மரபணு கழன்று போய்விடும்; புரதமும் குறைந்துவிடும்.

"சொமைய எறக்கி வெச்சிட்டு ஓடுதுங்க மேடம். சொமக்கிறதுங்கள்லாம் பின்னாடி தங்கிடுச்சு."

"மெதுவா வளர்ந்தாதான் வளையம் சிதையாது. முப்பது டிகிரியிலதானே வளர்க்கறோம்?"

ஞானஜோதி குறிப்பேட்டில் பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அப்போதுதான் ஹேமாவதிக்கு நினைவு வந்தது. மாநாட்டுக்கு நேரமாகிறது, பம்மல் பிளாஸ்மிட்டை மட்டும் முப்பத்தேழில் வைத்துச் சீக்கிரம் வளர்த்துக் கொடுங்கள் என்று பிப்ரவரியில் சொன்னது தானேதான்.

அன்று மாலையே தில்லிக்குக் கடிதம் எழுதிப் பேச்சை விலக்கிக்கொண்டாள். மறுநாள் மாணவர்களைக் கூட்டி, தப்பு தன்னுடையது என்றாள். உறைபெட்டியில் இருந்த பழுதில்லாத முதல் பிளாஸ்மிட் குழாயிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். முப்பது டிகிரியில், பொறுமையாக. வளர்ந்த ஒவ்வொன்றையும் ஞானஜோதி வெட்டிப் பார்த்த பிறகே அடுத்த வேலை. ஏழு வாரம் கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள்.

முடிவு வந்தது. மற்ற வைரஸ்கள் எவ்வளவு புரதம் உண்டாக்குமோ, பம்மல் வைரஸும் அவ்வளவே.

"அப்ப எல்லாம் வேஸ்ட்டா மேடம்?" மாணவன் மோகன்ராஜின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"டெஸ்ட்டுக்குத் தெரியாத வைரஸ்னு ஊரையே பயமுறுத்த இருந்தோம். அது நடக்கல. வேஸ்ட்டா அது?"

எல்லோரும் போன பிறகு ஹேமாவதி ஞானஜோதியிடம் கேட்டாள். "நான் கத்துவேன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். ரெண்டு நாள் வாயத் தொறக்கல. அப்பால, நீங்க மேடையில நிக்கறாப்பல நெனச்சுப் பாத்தேன். எவனாவது எழுந்து, ஜெல் ஓட்டிப் பாத்தீங்களான்னு கேட்டா, இன்னா சொல்லுவீங்க? உங்கள அப்டி நிக்க வெக்க மனசு வரல."

ஹேமாவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தன் மானத்தைத் தன்னைவிட அக்கறையாக இந்தப் பெண் காப்பாற்றியிருக்கிறாள்.

பிளாஸ்மிட்டைச் சிதையாமல் வளர்க்கும் முறை ஒரு கட்டுரையாக வெளிவந்தது. எழுதியவர்களில் முதல் பெயர் பூ. ஞானஜோதி. சில மாதங்களில் புனேயிலிருந்து ஓர் ஆய்வகம் எழுதியது: எங்களுக்கும் இதே தொல்லை, அவரை ஒரு வாரம் அனுப்ப முடியுமா?

மீனம்பாக்கத்தில் அவளை விமானம் ஏற்றிவிட ஹேமாவதியே போனாள்.