பயனாளி எண் 31

கல்லூரி ஆபீஸில் தனசேகரன் சார் என் மதிப்பெண் பட்டியலைக் கவுண்டர் ஓட்டை வழியாகத் திருப்பித் தள்ளினார். மேலே ஒரு துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தார். சிவப்பு மையில் 'பகுதி 5 இல்லை' என்று எழுதியிருந்தது.

"இன்னா சார் இது?"

"அதான் எழுதிக் குத்திருக்கனே. நூத்தி நாப்பது கிரெடிட் வேணும். உனக்கு நூத்தி முப்பத்தொம்பதுதான் இருக்கு. புரொவிஷனல் சர்ட்டிபிகேட் வராது."

"சார், வெள்ளிக்கிழம பி.எட்.டுக்கு சர்ட்டிபிகேட் பாக்கறாங்க. அன்னிக்குக் காட்டலன்னா சீட்டு போயிடும் சார்."

"அதுக்கு நான் இன்னாமா பண்றது? கேம்ப் ஆபீசர் அரங்கநாதன் சாரு. அவரப் போய்ப் பாரு. அடுத்தவங்க வாங்க."

அன்று புதன்கிழமை. காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு எழுந்து, மலை வளைவெல்லாம் வயிற்றைப் புரட்டி, கச்சிராயபாளையத்தில் ஒரு டீகூடக் குடிக்காமல் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தவள் நான். நூற்று நாற்பதில் ஒன்று இல்லை. கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு அது முக்கால் சதவீதம்கூட இல்லை என்று மனசு தானாகவே போட்டுப் பார்த்தது. அந்த முக்கால் சதவீதத்துக்காக மூன்று வருஷப் படிப்பைக் குண்டூசியில் குத்தித் தருகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குண்டூசியைப் பிடுங்கி அங்கேயே தரையில் போட்டேன்.

பட்டப்படிப்பு என்றால் கணக்கு மட்டும் படித்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் மலையிலிருந்து இறங்கினேன். சேர்ந்த பிறகுதான் அதில் ஐந்து பகுதி உண்டு என்று தெரிந்தது. தமிழ் ஒன்று, ஆங்கிலம் இரண்டு, கணக்கு மூன்று. நான்காவதில் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி என்று சில்லறைப் பாடங்கள். ஐந்தாவது தொண்டு. பாடப் புத்தகத்தைத் தாண்டி மாணவர்கள் முழு மனிதராக வளர வேண்டும், அதற்காகத்தான் இதெல்லாம் என்று முதல் நாள் கூட்டத்தில் மைக்கில் சொன்னார்கள். நானும் பெரிதாகக் கைதட்டினேன். நன்றாக வளர்த்தார்கள். சுற்றுச்சூழல் தேர்வில் 'மலைகளில் காடு அழிவதற்கான காரணங்கள்' என்று கேள்வி வந்தது. புத்தகத்தில் முதல் காரணமே மலைவாழ் மக்களின் அறியாமை என்று இருந்தது. அப்படியே எழுதினேன். முழு மதிப்பெண். அன்று ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருசப்பன் மாமா, "பரீட்ச நல்லா எழுதுனியா பாப்பா?" என்று கேட்டபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. விழுமியக் கல்வியில் விருந்தோம்பல் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி. விருந்தினர் உண்டபின் உண்பது தமிழர் பண்பு என்று எழுதினேன். ஐந்துக்கு நாலரை போட்டார்கள். அந்தப் பண்புதான் பகுதி ஐந்தில் என்னைக் கவிழ்த்தது.

இரண்டாம் வருஷம் ஜனவரியில் அரங்கநாதன் சார் வகுப்புக்கே வந்து என்னைத் தேடினார். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாம் போட வேண்டும், சமவெளியில் எல்லாக் கிராமத்திலும் போட்டாயிற்று, இந்த முறை மலையில் போட்டால் பெயராக இருக்கும் என்றார். "உங்க ஊர்ல ஏற்பாடு பண்ண முடியுமாம்மா?" கல்லூரியில் ஒரு வாத்தியார் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே அவரை ஊருக்குக் கூட்டிப்போய்ப் பெரியவர்களிடம் பேசினேன். நடுநிலைப் பள்ளியில் தங்கச் சொன்னார்கள். பிப்ரவரி பத்தாம் தேதி ஐம்பது பேர் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களை யார் அழைத்துவந்தார்களோ அந்த வீட்டுக்காரர்கள் வந்தவர்களோடு பந்தியில் உட்கார மாட்டார்கள். பரிமாறுவார்கள். வந்தவர்களில் கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் தங்களுக்குத் தட்டெடுப்பார்கள். முகாமை அழைத்துவந்தது நான். அதனால் ஏழு நாளும் மூன்று வேளையும் நானும் அம்மாவும்தான் பரிமாறினோம். சார் வருகைப் பதிவேட்டைப் பந்தியில்தான் சுற்றவிட்டார். ஐம்பது பேரும் ஒரே இடத்தில் அடங்கி உட்காரும் நேரம் அது ஒன்றுதானே. நோட்டு முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரைக்கும் கைமாறிப் போகும். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த நோட்டுக்குப் பின்னாலேயே போவேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஷைனி, "நீயும் போடுடி ஜெயசுதா" என்று நோட்டை நீட்டினாள். அவள் மூங்கில்துறைப்பட்டுக்காரி, என் வகுப்பு, என் கூட்டாளி. வந்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டில் வீட்டுக்காரி போடுவாளா? "நான் எங்கடி ஓடிடப் போறேன்? சாருக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன். அந்த வாயை இப்போது எதில் கொண்டுபோய் இடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரவு நான் தங்கவும் பள்ளியில் இடமில்லை. "உனக்குத்தான் இங்கயே வூடு இருக்கே, அங்கயே படுத்துக்கோ" என்றார் சார். படுத்தேன். இரண்டாம் நாளே மேல்தொட்டி மோட்டார் புகைந்து போனது. அதன்பிறகு விடியும் முன்பே நானும் அம்மாவும் பள்ளத்துச் சுனைக்கு இறங்கிக் குடம் குடமாகத் தூக்கினோம். ஐம்பது பேருக்கும் சமைக்க, குடிக்க, பல் துலக்க. புளி உலுக்கும் காலம் அது. அம்மா ஏழு நாள் கூலியை விட்டுவிட்டு நின்றாள். கடைசி நாள் வேன் கிளம்பிய பிறகு அண்டாவில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டித் தின்றுகொண்டே, "யாருக்கும் ஒரு கொற இல்லியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

நான் கவுண்டரை விட்டுத் திரும்பியபோது ஷைனி தன் சான்றிதழை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "உனக்கா பகுதி அஞ்சு இல்ல? அடப்பாவிங்களா!" என்றாள். அவளும் கூடவே வந்தாள்.

அரங்கநாதன் சார் என்னைப் பார்த்ததும் சிரித்தார். மறக்கவில்லை. "வாம்மா, உங்க ஊரு தேனு இன்னும் எங்க வூட்ல இருக்கு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மெதுவாக மாறியது. பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து ஏழு நாளையும் புரட்டினார். ஐம்பது பெயர்தான். என் பெயர் இல்லை.

"கையெழுத்து போடலியேம்மா நீ."

"நான் சோறு போட்டுக்கினு இருந்தேன் சார்."

"அது எனக்குத் தெரியும்மா. நோட்டுக்குத் தெரியுமா? அறிக்கைய பைண்ட் பண்ணி யுனிவர்சிட்டிக்கு அனுப்பியாச்சு. ஐம்பதுன்னு போட்டா ஐம்பதுதான். இப்ப எப்படி ஐம்பத்தொண்ணு ஆக்கறது?"

"சார், நாங்க துன்னதெல்லாம் இவ போட்ட சோறு சார்" என்றாள் ஷைனி. "சாட்சிக்கு ஐம்பது வவுறு இருக்கு."

"நீ சும்மா இரும்மா."

அறிக்கையின் ஆபீஸ் காப்பி பதிவேட்டுக்கு அடியில் இருந்தது. பளபளப்பான அட்டை. நான் கேட்காமலே எடுத்துப் புரட்டினேன். கடைசியில் பயனாளிகள் பட்டியல். மரக்கன்று பெற்றுக்கொண்டவர்கள் என்று எங்கள் ஊர் ஜனங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்ததால் அவளுக்கான கொய்யாக் கன்றை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முப்பத்தொன்று, ஜெயசுதா, தகப்பனார் பெயர் ராசு. அப்படியென்றால் என் பெயர் இந்தக் கல்லூரியின் அறிக்கையில் இருக்கிறது. கொடுத்தவர்கள் பக்கத்தில் இல்லை, வாங்கினவர்கள் பக்கத்தில் இருக்கிறது.

பதினேழாம் பக்கத்தில் ஒரு புகைப்படம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக மேடேறி வருகிறாள் ஒருத்தி. நான்தான். யார் எடுத்தார்கள் என்றே தெரியாது. கீழே, 'குடிநீருக்காக அல்லல்படும் பழங்குடிப் பெண்' என்று அச்சடித்திருந்தது.

அல்லல்பட்டேன்தான். யாருக்காக? இவர்கள் மூஞ்சி கழுவுவதற்காக.

"சார், இது நான்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அட, ஆமா. போட்டோ அடுக்குனது வேற ஆளும்மா. தப்பா எடுத்துக்காத." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஆக வேண்டியதப் பாப்போம். ஒரே ஒரு வழி இருக்கு. உடம்பு சரியில்லாததால முகாமுக்கு வர முடியல, மன்னிக்கணும்னு ஒரு லெட்டர் எழுது. நானே பிரின்சிபால்கிட்ட கையெழுத்து வாங்கித் தரேன். நாளைக்கு ஒரு நாள் கேம்பஸ்ல செடிக்குத் தண்ணி ஊத்து. அத ஈடு செஞ்சதா எழுதிடறேன். சாயங்காலம் புரொவிஷனல் உன் கையில."

வெள்ளைத் தாளையும் அவரே எடுத்து வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போயிருப்பேன். இவர் எனக்கு உதவி செய்கிறார்.

"எழுதிக் குடுத்துட்டு போய்க்கினே இருடி" என்று ஷைனி என் காதில் சொன்னாள். "பேப்பர்தான. யாரு படிக்கப் போறாங்க?"

உண்மைதான். யாரும் படிக்கப்போவதில்லை. ஒரு வரி எழுதினால் வெள்ளிக்கிழமை சீட்டு எனக்கு. எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் என்று சொல்வது சும்மா பேச்சுக்கு. மூன்று வருஷம் என்று சொல்லித்தான் அப்பாவிடம் அனுமதி வாங்கினேன். பி.எட்.டுக்கு இன்னும் இரண்டு வருஷம் என்று சொன்னபோது அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நடுவில் ஒரு வருஷம் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டு நின்றால், அதன்பிறகு என்னை யார் மலையை விட்டு இறக்கிவிடப் போகிறார்கள்? நான் டீச்சராக வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பஸ்ஸில் மூன்று வருஷம் வாந்தியெடுத்திருக்கிறேன்.

பேனாவை எடுத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா, சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் நடைபெற்ற முகாமில் நான்' என்பது வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. நான் வரவில்லை என்றால் அம்மாவோடு பள்ளத்தில் இறங்கினது யார்? விடியாத நேரத்தில் அவள் வழுக்கி விழுந்தபோது கைகொடுத்துத் தூக்கியது யார்? இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அம்மா அந்த ஏழு நாளும் தனியாகத் தண்ணீர் சுமந்தவளாகிவிடுவாள். கலந்துகொள்ளாததற்கு மன்னிப்பு வேறு கேட்க வேண்டும். சோறு போட்டவள், தின்றவர்களிடம், போடாததற்காக.

"கலந்துகொள்ள இயலவில்லைன்னு எழுதும்மா" என்று சார் எடுத்துக்கொடுத்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். நான் வரலன்னா இது யாரு?"

பதினேழாம் பக்கத்தை அவர் முன்னால் திருப்பி வைத்தேன். அவர் படத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"இதுல மட்டும் நான் இருக்கறேன். நோட்டுல இல்ல. தண்ணி தூக்கறப்ப உங்க கேமராவுக்கு என்னத் தெரியுது, கிரெடிட் போடறப்ப தெரியல. எங்க அம்மா ஏழு நாளு கூலிக்குப் போவல சார். அவகிட்டப் போய், நான் வரலன்னு எழுதிக் குடுத்தேன்னு சொல்லட்டுமா?"

"கத்தாதம்மா. வெளிய கேக்குது."

"கேக்கட்டும் சார்."

கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. வராந்தாவில் போனவர்கள் நின்று எட்டிப்பார்த்தார்கள். ஷைனி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன்.

பாதி எழுதிய தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டேன். அறிக்கையை என் பக்கம் இழுத்து, அந்தப் படத்துக்கு அடியில், அவர்கள் அச்சடித்த வரிக்குக் கீழே, பிப்ரவரி 10 என்று தேதி போட்டு, என் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு பதினொன்று. பன்னிரண்டு. இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, குடத்தின் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் பதினாறில் முடித்தேன். ஏழு கையெழுத்து. கடைசிக் கையெழுத்தில் பேனா அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்தது.

"ஏய், ஏய், இன்னாம்மா பண்ற? ஆபீஸ் காப்பிமா அது! அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருது!"

"கையெழுத்துதான சார் இல்லன்னீங்க. இப்ப இருக்குது. எனக்கு புரொவிஷனல் வேணும். இன்னிக்கே பிரின்சிபால்கிட்ட போங்க, நானும் கூட வரேன். நாளைக்கின்னாலும் சரி. செடிக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்."

சாருக்கு நெற்றியில் வியர்த்திருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து துழாவி ஒரு ஒயிட்னர் பாட்டிலை எடுத்தார். குலுக்கினார். உள்ளே இருந்த குண்டுமணி கடகடவென்று சத்தம் போட்டது. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, படத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். பிறகு அச்சடித்த வரியைப் பார்த்தார். பிறகு என் கையெழுத்துகளை.

"சார்" என்றாள் ஷைனி.

நான் நகரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூடியைத் திருகித் திறந்தார். பிரஷ் வெளியே வந்தது. அதன் நுனியில் ஒரு வெள்ளைச் சொட்டு திரண்டு, அந்த வரிக்கும் என் பெயருக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.