ஆறு பேர் மட்டும்

ஒரு நகரத்தின் பழைய கட்டடங்கள் அந்த நகரத்தின் மனசாட்சி. அவற்றைக் காப்பதைவிடப் பெரிய கடமை ஆட்சியாளர்களுக்கு வேறில்லை. காரை விட்டு இறங்கிய துணை அமைச்சர் வாசலில் நின்று கேமராவுக்கு இதைச் சொன்னார். கேமரா அணைந்ததும் அண்ணாந்து மூன்று மாடிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லிஃப்ட் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. லிஃப்ட்காரர் விடிந்ததிலிருந்து அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். மடிப்புக் கதவின் ஒவ்வொரு பித்தளைக் கம்பிக்கும் எண்ணெய் போட்டார். தான் உட்காரும் முக்காலியைக்கூட வெளியே எடுத்து வைத்துவிட்டார், வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று.

அவரும் மனைவியும் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அறையில்தான் குடியிருந்தார்கள். ஒரு காலத்தில் தானிய வணிகர்கள் கூடிய மாளிகை அது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது இருக்கும்வரை அவருக்கு வேலை உண்டு, அறை உண்டு. பட்டியலை விட்டுத் தூக்கினால் அந்த இடத்தில் கார் நிறுத்தும் கோபுரம் வரும். தூக்கலாமா கூடாதா என்று நேரில் பார்த்துச் சொல்லத்தான் இந்தக் குழு.

"மூஞ்சிய உம்முன்னு வச்சுக்காதீங்க," என்று மனைவி அவர் காலரை இழுத்துவிட்டாள். "லிஃப்ட் நல்லா ஓடினாலே கட்டடமும் நல்லா இருக்குன்னு நம்பிடுவாங்க."

"நீ உள்ள போ."

"போறேன். கையில எண்ணெய் இருக்கு, தொடச்சுக்கோங்க."

துணை அமைச்சர் முதலில் ஏறினார். பின்னால் திட்டத்துறை இயக்குநர், பொறியாளர், பேராசிரியர், கவுன்சிலர், குழுச் செயலாளர் என்று வரிசையாக ஏறினார்கள். லிஃப்ட்காரரோடு சேர்த்து ஏழு பேர். உள்ளே 'ஆறு பேர் மட்டும்' என்று தகடு இருந்தது.

"சார், யாராவது ஒருத்தர் அடுத்த தடவை வந்துட்டா நல்லது. உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

யாரும் அசையவில்லை. இறங்குகிறவர் அந்த ஆறு பேரில் கடைசி ஆள் என்று ஆகிவிடும். பொறியாளர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் லிஃப்டின் கூரையை ஆராய்ந்தார்.

"இது என் வார்டு. என் வார்டுல நான் எறங்கறதா?" என்றார் கவுன்சிலர்.

"குறிப்பு எடுக்கறவன் நான். நான் இல்லாம நீங்க பார்த்து என்ன ஆகப்போகுது?" என்றார் செயலாளர்.

"நீ எறங்கிக்கயேன்பா," என்று இயக்குநர் லிஃப்ட்காரரிடம் சொன்னார்.

"எறங்கிக்கலாம் சார். ஓட்டுறது யாரு?"

துணை அமைச்சர்தான் முடிவெடுத்தார். "எல்லாரும் வயித்தக் கொஞ்சம் உள்ள இழுங்கய்யா."

இழுத்தார்கள். லிஃப்ட்காரர் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினார். லிஃப்ட் ஒரு முறை முனகியது. மேலே போகாமல் ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. விளக்கு அணைந்தது.

"பயப்படாதீங்க சார். நாம இன்னும் கெளம்பவே இல்ல, தரையிலதான் இருக்கோம்."

அது யார் காதிலும் ஏறவில்லை. இருட்டில் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடித்தது. யாரோ வேகமாக மூச்சு விட்டார்கள்.

"இந்தப் பாழாப்போன எடத்துக்கு நேர்ல வரணும்னு சொன்னது யாருய்யா?" என்றார் துணை அமைச்சர்.

"மேலேர்ந்து வந்த உத்தரவு சார்," என்றார் செயலாளர்.

"மேல இருக்கறது நான்தானேய்யா."

"நீங்க சொன்னதா இயக்குநர் சொன்னாருங்க."

"நான் கோப்ப அனுப்பி வச்சேன், அவ்வளவுதான். பட்டியல்லேர்ந்து எடுன்னு நான் ஒரு வார்த்த எழுதல," என்றார் இயக்குநர்.

"எடுக்கறது முடிவாகலன்னா கோபுரத்துக்கு டெண்டர் எப்படி விட்டீங்க? போன மாசமே விட்டாச்சே," என்றார் பொறியாளர்.



"அது ஒரு பொதுவான முடிவு," என்றார் பேராசிரியர்.

லிஃப்ட்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, விடிந்ததிலிருந்து துடைத்துத் துடைத்து வைத்த அதை விட்டுவிட்டார்.

வெளியிலிருந்து மனைவி இரும்புக் கம்பியைக் கொடுத்துக் கதவை நெம்பினாள். வெளிச்சம் விழுந்தது. "காலத் தூக்கி வைங்கய்யா, வந்துடலாம்," என்று துணை அமைச்சருக்குக் கை கொடுத்தாள். ஆறு பேரும் ஒரு சாண் உயரம் ஏறி உலகத்துக்குத் திரும்பினார்கள்.

சட்டையை நீவிவிட்டதும் கேமரா வந்தது. உயிரைப் பணயம் வைத்து ஆய்வு செய்ததாகவும், இப்படிப்பட்ட இடத்தில் பொதுமக்களை விட மனம் ஒப்பவில்லை என்றும் துணை அமைச்சர் சொன்னார்.

"இதுக்கு யார் சார் பொறுப்பு?" என்று நிருபர் கேட்டார்.

இருட்டில் ஒத்துப்போகாத ஆறு பேரும் இப்போது ஒரே திசையில், லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார்கள்.

செயலாளர் நின்ற இடத்திலேயே நாலு வரி எழுதி அவரிடம் பேனாவை நீட்டினார்.

"நான் சொன்னேனே சார், ஒருத்தர் எறங்கணும்னு."

"சொன்னே. எறக்கினியா? லிஃப்டுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான்."

"அதத்தான் எழுதியிருக்கேன். போடு."

போட்டார். அந்த நாலு வரியைக் காட்டித்தான் மாளிகையைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்; அதில் வேறு யாருடைய கையெழுத்தும் இல்லை.

"கேட்டா ஒடனே போட்டுடறதா?" பாத்திரங்களைச் சாக்கில் திணித்தபடி மனைவி கேட்டாள்.

"கேட்டாங்க."

"நீங்களும் அவங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கலாம்ல. ஒரே ஒரு கையெழுத்து."

அவர் அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அவள் தங்கை வீட்டு மொட்டைமாடிக் கொட்டகைக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் அவரை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டார். வண்டி போய் நின்றது மாளிகை வாசலில். 'ஆபத்து, உள்ளே நுழையாதீர்கள்' என்ற பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்திருந்தார்கள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச எடம்தானே அண்ணே, நீங்களே முன்னால போங்க," என்றார் வாடகைக்காரர்.

இரும்பு நாற்காலிகளை மடக்கித் தோளுக்கு நாலாக மாட்டிக்கொண்டு, லிஃப்ட்காரர் படியேறி மூன்றாம் மாடிக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். சாயங்காலம் அங்கே ஆய்வுக் குழுவின் துணிச்சலுக்குப் பாராட்டு விழா. அவ்வளவு பேர் உட்காரக்கூடிய கூடம் ஊரில் வேறு எதுவும் இல்லை.