அலமாரிக் கண்ணாடி

ஆஸ்பத்திரியின் அந்த அறையில் எண்ணுக்கு முதுகைக் காட்டித்தான் எடை மெஷினில் ஏற வேண்டும். எண்ணை ஆய்வாளர் மட்டும் பார்ப்பாள். பார்த்துவிட்டு முகத்தில் எதையும் காட்டக் கூடாது. சாப்பாட்டைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகளுக்கு எடை துளி கூடினாலும் தலையில் இடி விழுந்த மாதிரி. அதனால் இந்த ஏற்பாடு. தன் ஆராய்ச்சிக்காக அவளே வகுத்தது.

எடை பார்க்கிற நாளில் காலையிலிருந்தே அவளுக்கு வயிற்றைப் பிசையும். மனக்கவலை வயிற்றில் இறங்குவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள். எழுதி என்ன, வயிறு படித்ததா?

"இன்னிக்கும் டீ வேணாமா?" என்றாள் நர்ஸ். "சாப்பாட்டுல ஆராய்ச்சி பண்றவங்களே பட்டினி கிடந்தா நான் யாருக்குத்தான் தம்ளர் கழுவுறது?"

"அப்புறம் குடிக்கிறேன்க்கா."

குட்டி வந்தாள். பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிறவள். சட்டைக்குள் ஆள் இருப்பதே சந்தேகம். பின்னாலேயே மூச்சிரைக்க அவள் சித்தி.

"இந்த வாரம் நல்லா சாப்பிட்டா மேடம். தட்டைக் கழுவவே வேணாம், அப்படி!"

"நீ பார்த்தியா சித்தி?"

"கூடவேதான்டி உட்கார்ந்திருந்தேன். உன் வாய்க்குள்ள டார்ச் அடிக்கல, அவ்வளவுதான்."

சித்தியை வெளியே உட்காரவைத்தார்கள். குட்டியின் நாடித் துடிப்பு வாரா வாரம் குறைந்து வந்தது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: எடை மறுபடி இறங்கினால் அங்கேயே ஒரு தம்ளர் சத்துப்பால் முழுசாகக் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, இதயம் தாங்காது. மாடி வார்டில் கட்டிலும் மூக்குக் குழாயும் தயார்.

குட்டி மெஷினில் ஏறி, மருந்து அலமாரியைப் பார்த்து நின்றாள். எண் ஓடி நின்றது. இறங்கியிருந்தது. போன வாரம் ஏறிய எடை போய், அதற்கு மேலும் போயிருந்தது.

ஆய்வாளர் முகத்தைச் சுவராக்கினாள்.

"குறைஞ்சிருக்கு, இல்ல?" என்றாள் குட்டி, திரும்பாமலே. குரலில் ஒரு நிம்மதி.

"யார் சொன்னது?"

"நீங்கதான். போன வாரம் பெருமூச்சு விட்டீங்க, ஏறிடுச்சுன்னு தெரிஞ்சுது. இன்னிக்கு மூச்சையே காணோம்."

ஆய்வாளர் நிமிர்ந்தாள். அலமாரியின் கண்ணாடிக் கதவில் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. எண்ணை மறைத்தவளுக்கு முகத்தை மறைக்கத் தோன்றவில்லை. போன வாரம் அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பிள்ளை வாரம் முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

கண்ணாடியை மூட நர்ஸ் பழைய செய்தித்தாளும் பிளாஸ்டரும் எடுத்து வந்தாள்.

"ஒட்டாதீங்க!" குட்டி மெஷினிலிருந்து குதித்தாள். "அதையும் மூடிட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அப்புறம் நான் எதை நம்பறது?"

ஆய்வாளர் நர்ஸைக் கையமர்த்தினாள். விதிப்படி இப்போது அவள் வாயைத் திறக்கக் கூடாது.

"குறைஞ்சிருக்கு. ரொம்ப. எனக்குப் பயமா இருக்கு."

"தெரியுது. மூஞ்சியும் அதைத்தான் சொல்லுது."

"பால் குடிக்கணும். இல்லேன்னா இன்னிக்கு நீ வீட்டுக்குப் போக முடியாது. மேல வார்டுதான்."

குட்டியின் உதடு வெளுத்தது. நர்ஸ் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். குட்டி தொடவில்லை.

"நீங்க காலைல சாப்பிட்டீங்களா மேடம்?"

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடியில் முகம் இருந்தது.

"இல்ல. உன் எடையை நினைச்சு."

"ஐயே," என்றாள் குட்டி. "என்னை விட மோசமா இருக்கீங்களே."

"இதைத்தான் நான் நாள் முழுக்க சொல்றேன், யார் கேக்குறா?" என்றபடி நர்ஸ் இன்னொரு தம்ளர் பாலை ஆய்வாளர் முன்னால் வைத்தாள்.

ஆய்வாளர் எடுத்தாள். குட்டியின் கண் அவள் தொண்டையிலேயே இருந்தது. வயிறு வேண்டாம் என்றது. ஒரு மடக்கு விழுங்கினாள். முகம் கோணியது, அதை மறைக்கவில்லை.

குட்டி சிரிக்கவில்லை. தன் தம்ளரைத் தூக்கி உதட்டில் வைத்தாள். வெகுநேரம் வைத்தபடியே இருந்தாள். பிறகு தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

தம்ளரைக் கீழே வைத்தபோது மேல்விளிம்பில் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

"இப்ப நீங்க," என்றாள் குட்டி.

ஆய்வாளர் மறுபடி தம்ளரை எடுத்தாள்.