பதினேழாம் அத்தியாயத்தின் நாற்காலி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கைப்பிரதியின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய மூன்று சொற்களிலிருந்து வந்தது. "இவள் வந்திருக்க மாட்டாள்." எழுதும்போது அது வழக்கமான ஒரு எடிட்டர் குறிப்புதான். அது எதைக் கிளறிவிட்டது என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடங்களாக ஒரு பதிப்பகத்தில் மற்றவர்களுடைய கதைகளைத் திருத்துகிறேன். சொந்தமாக ஒன்றும் எழுதியதில்லை. அலுவலகத்தில் எனக்கு 'கத்தரி' என்று பட்டப்பெயர். என் முன்னால் யாரும் சொல்வதில்லை. பின்னால் யார் யார் சொன்னார்கள் என்பதை மெய்ப்பு பார்ப்பவர் ஒழுங்காக வந்து சொல்லிவிடுவார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"காலை வெயில் ஜன்னல் வழியே கசிந்து அவள் மேசைமீது பொன்னாய்ப்

அடித்துவிட்டேன். வேறு யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால் 'வெயில் கசியாது, சுடும்' என்று எழுதியிருப்பேன்.

அடுத்த தொடக்கம்: "அவள் கண்டிப்பான ஒரு எடிட்டர்." 'அவள்' என்று எழுதினால் தைரியம் வரும் என்று நினைத்தேன். மூன்று பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், அவள் என்னைவிட நல்லவளாகவும் கொஞ்சம் ஒல்லியாகவும் ஆகியிருந்தாள். அவளையும் அடித்தேன். நான்தான். வயது ஐம்பத்து மூன்று. தொடங்குகிறேன்.

2

எங்கள் பதிப்பகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டு அதற்கு 'எடிட்டர் அறை' என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பதிப்பாளர் நல்ல மனிதர். எந்த நாவலையும் இருபதாம் பக்கத்தைத் தாண்டிப் படித்ததில்லை. அதை மறைக்கவும் மாட்டார்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு தாள்கட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"உங்க தம்பி நாவல் எழுதியிருக்காராமே?"

"யாரு தம்பி?"

"உங்க கூடப்பிறந்தவர்தாம்மா. நீங்க இல்லாத நேரமா பார்த்து வந்து குடுத்துட்டுப் போயிருக்காரு. இருபது பக்கம் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க. சொந்தத் தம்பின்னு ரொம்ப வெட்டிடாதீங்க."

"சொந்தத் தம்பின்னா வெட்டாமத்தானே விடுவாங்க?"

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றபடி போய்விட்டார்.

தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். நில அளவையர். நாள் முழுக்க வெயிலில் நின்று யாருடைய வேலி யாருடைய நிலத்துக்குள் எத்தனை அடி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன். அவன் எழுதுவான் என்று எனக்குத் தெரியாது. சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது போலும்.

நாவல் எங்கள் குடும்பத்தைப் பற்றியது. நன்றாக இருந்தது. (இந்த இடத்தில் 'எனக்குப் பெருமையாக இருந்தது' என்று எழுதி, அடித்து, 'பொறாமையாக இருந்தது' என்று எழுதி, அதையும் அடித்தேன். இரண்டும் இருந்தன.) அவன் எதையும் அளக்காமல் சொல்வதில்லை. அப்பா சட்டைக் கையை மூன்று விரற்கடை மடித்துவிடுவார். எங்கள் பழைய வீட்டின் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கதவுக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும். இப்படிப் பத்துப் பக்கத்துக்கு ஒரு அளவாவது வந்துவிடும். அப்படித்தான் பதினாறு அத்தியாயங்கள்.

3

பதினேழாம் அத்தியாயத்தில் அப்பா சாகிறார்.

நாவலில் அது இப்படி நடக்கிறது. மருத்துவமனையிலிருந்து தம்பி அக்காவுக்குப் போன் செய்கிறான். அக்கா கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருகிறாள். கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பா அவளைப் பார்க்கிறார். அமைதியாகக் கண் மூடுகிறார். தம்பி ஜன்னலோரம் நிற்கிறான்.

உண்மையில் நடந்தது வேறு. பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஒரு வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு அவன் போன் செய்தான்.

"அக்கா, டாக்டர் எல்லாரையும் இன்னைக்கே வரச் சொல்றாரு. கெளம்பு."

"இதோ, நாலு பக்கம்தான் பாக்கி. முடிச்சுட்டு வந்துடறேன்."

நாலு பக்கம் பாக்கி என்பது உண்மை. அதை அன்றைக்கே முடிக்க வேண்டும் என்பது உண்மையில்லை. அந்த நாலு பக்கத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு காற்புள்ளியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். வேலை என்னைப் பிடித்துவைக்கவில்லை. நான்தான் வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். முகத்தை மூடியிருந்தார்கள். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"கஷ்டப்படலக்கா," என்றான். "என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாரு."

ஏன் வரவில்லை என்று அவன் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. இப்போது நாவலில் என்னை வரவழைத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். எனக்காகச் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் எடிட்டர் புத்தி சும்மா இருக்குமா? அந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு அளவுகூட இல்லை. எத்தனை அடி, எத்தனை மணி, எத்தனை படி, ஒன்றுமில்லை. பார்க்காமல் எழுதிய காட்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஓரத்தில் அந்த மூன்று சொற்களை எழுதினேன். கீழே, "எனக்காக மாற்றாதே. நடந்ததை எழுது. நான் தாங்குவேன்" என்று சேர்த்தேன். மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக ஒரு நினைப்பு. அன்று சாயங்காலம் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து போனேன்.

4

(இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் வாயில் ஏதாவது நல்ல வசனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படி நான் எதுவும் பேசவில்லை. பேசியது இவ்வளவுதான்.)

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு தம்பி வந்தான். சட்டையில் செம்மண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் திருத்தி அனுப்பியிருந்த தாள்கட்டை மேசைமேல் வைத்தான்.

"அந்த அத்தியாயத்தையே வெட்டிடுக்கா."

"எப்படிடா வெட்டறது? அப்பா சாகாம பதினெட்டுல எப்படி வீடு மாறுவீங்க?"

"அப்ப எழுதினபடியே விட்டுடு."

"இதோ பாரு. நான் வரல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காக நீ பொய் எழுத வேணாம். நான் வராத மாதிரியே எழுது."

"நீ வராத மாதிரி எழுதினா அங்க யாருமே இருக்க மாட்டாங்கக்கா."

"ஏன்? நீ இருந்தியே."

அவன் அலமாரியில் இருந்த புத்தக முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு தலைப்பை முணுமுணுத்துப் படித்தான். பிறகு சொன்னான்.

"நான் டீ குடிக்கக் கீழ போயிருந்தேன். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. நர்ஸம்மாதான் 'இன்னும் நேரமிருக்கு, போயிட்டு வாங்க'ன்னாங்க. மூணாவது மாடி. எழுபத்தெட்டுப் படி. டீ ரொம்ப சூடா இருந்துச்சு, ஆறட்டும்னு நின்னேன். மொத்தம் பதினாலு நிமிஷம். மேல வந்து பார்த்தா..."

"கையைப் பிடிச்சுக்கிட்டே போனாருன்னு சொன்னியே?"

"பிடிச்சேன்," என்றான். "அப்புறமா."

மருந்துக்கடையில் யாரோ ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா?"

"அம்மாவைக் குளிச்சிட்டு வரச் சொல்லி நான்தானே வீட்டுக்கு அனுப்பினேன். வந்ததும், 'யாரு கூட இருந்தா?'ன்னு கேட்டாங்க. நான்தாம்மான்னேன். வேற என்னக்கா சொல்றது?"

பதினோரு வருடங்களாக எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. அதற்குள்ளேயே ஒரு ஆறுதலும் இருந்தது: நான் இல்லாவிட்டால் என்ன, தம்பி இருந்தானே. அந்த ஆறுதலின் மேல்தான் இத்தனை நாளும் நின்றுகொண்டிருந்தேன். பதினொரு மணிக்கே கிளம்பியிருந்தால் பன்னிரண்டுக்குள் போயிருப்பேன். அவன் நிம்மதியாக டீ குடித்திருக்கலாம்.

"உன்னை அந்த நாற்காலியில உட்கார வச்சது உனக்காக இல்லக்கா," என்றான். "அப்பாவுக்காக. யாராவது இருக்கட்டும்னு."

அவனை நான் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. பென்சிலைச் சீவிக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்தான். நாலே பக்கம். எழுபத்தெட்டுப் படிகள். கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு நாற்காலி, அதன் முதுகில் தம்பியின் துண்டு. யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடங்களில் நான் ஒரு சொல்கூட வெட்டாத நாலு பக்கம் அதுதான். ஒரு காற்புள்ளி உறுத்தியது. கை வைக்கவில்லை.

5

அம்மாவைப் பற்றி இதுவரை ஏதோ பேச்சுவாக்கில்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். வேறொருவர் கதையாக இருந்தால், 'முக்கியமான ஆளை இவ்வளவு தாமதமாகவா கொண்டுவருவது?' என்று கேட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், அவளைத் தள்ளிப்போடப் பார்த்தேன்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தம்பி வீட்டில் இருக்கிறாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எங்கள் பதிப்பகம் போடும் ஒரு புத்தகத்தையும் விடாமல் படிப்பாள். பிழை கண்டுபிடித்தால் எனக்குப் போன் வரும். மெய்ப்பு பார்ப்பவருக்குப் பதிப்பாளரிடம்கூடப் பயமில்லை, அம்மாவிடம் பயம்.

எந்த வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும் அம்மா ஒன்று சொல்வாள்: "எங்க வீட்டுக்காரரு புள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டே போனாரு. அந்தக் கொடுப்பினை எல்லாருக்குமா கிடைக்கும்?" இதை நானே முப்பது தடவையாவது கேட்டிருக்கிறேன்.

இப்போது என் மேசைமேல் இரண்டு பதினேழாம் அத்தியாயங்கள். "நீதானே எடிட்டர், நீயே சொல்லு," என்கிறான் தம்பி. "எழுதினவன் நீதானே," என்கிறேன் நான். பதிப்பாளரைக் கேட்டேன். "எது சின்னதா இருக்கோ அதைப் போடுங்க," என்றார்.

ஆகவே, முடிவுகள்.

பழைய அத்தியாயம் அச்சாகிறது. நான் அன்று வரவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். "பாரு, உன்னை விட்டுக்கொடுக்காம எழுதியிருக்கான்," என்பாள். அம்மாவின் நினைப்பில் தம்பியின் கை, புத்தகத்தில் என் கை, அப்பாவுக்கு ஒன்றுக்கு இரண்டு. நல்ல நாவலில் ஒரு சொத்தை அத்தியாயம். வாசகர் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுவார்.

அல்லது புதியது அச்சாகிறது. அம்மா பூதக்கண்ணாடியோடு உட்காருகிறாள். இரண்டு நாளாக எனக்குப் போன் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு

மூடி வைத்துவிட்டு என்ன? இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "எனக்கு அன்னைக்கே தெரியும்டி," என்கிறாள் அம்மா. நர்ஸ் சொல்லிவிட்டாராம். எல்லோரும் அழுகிறோம், எல்லாம் கரைந்துவிடுகிறது. முதல் நாவலோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த முடிவைத்தான் கொண்டுவருவார்கள். 'உங்களுக்கு வசதி, கதைக்கு இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். இரக்கமில்லாமல் எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

(அப்படியானால் இந்தக் கதையையும் அம்மா படிப்பாளே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் அம்மா படித்துவிட்டாள், அல்லது இனி அவள் படிக்கப்போவதில்லை. இரண்டில் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.)

6

அச்சுக்குப் போவதற்கு முதல்நாள், புதன்கிழமை காலை, நான் கைப்பையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை. போன் வந்தது.

"போன மாசப் புத்தகத்துல அறுபத்து நாலாம் பக்கம், 'பள்ளம்'ல ஒரு ள்-ஐ முழுங்கிட்டீங்க," என்றாள் அம்மா.

"பார்க்கச் சொல்றேம்மா."

"தம்பியோடது எப்ப வருது?"

"நாளைக்கு அச்சுக்குப் போகுது."

"அதுல அப்பா வர்றாராமே?"

"வர்றாரும்மா."

"அவன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது அவனுக்கு. ஏம்மா, அப்பாவோட கடைசி நேரத்தைச் சரியா எழுதியிருக்கானா?"

சரியா. என் தொழிலே அந்த ஒரு சொல்தான். எந்த அர்த்தத்தில் கேட்கிறாள்? நடந்தபடியா? நன்றாகவா? தனக்குத் தெரிந்தபடியா? அவள் குரலைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

நான் ஒரு பதில் சொன்னேன். அது எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். எழுதினால் அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடலாம். எனக்கு அந்த வசதி இருக்கவில்லை.

அதனால் போனை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் அம்மா பூதக்கண்ணாடியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்கிறது. காத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள்.