புலி விழுந்த சத்தம்

வானொலி நிலையத்தில் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர். கதைக்கு வேண்டிய மழையும் இடியும் குதிரையும் அவள் கையில்தான் பிறக்கும். தகரத்தை ஆட்டினால் இடி, மரக்கட்டைகளைத் தட்டினால் குதிரை.

அன்றைக்கு ஆமைக் கதை. கண்டவர் முதுகில் எல்லாம் ஏறி ஆற்றைக் கடக்கிற புலி ஒருநாள் ஆமை மேல் ஏறியது. நடு ஆற்றில் ஆமை கமுக்கமாக முங்கியது. புலி தொபுக்கடீர். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதில்தான் அரசின் கதைத் திருத்தத் துறை கை வைத்தது. புதுக் கதையில் ஆமை புலியைப் பத்திரமாகக் கரைசேர்க்கிறது, "சுமப்பதே பெருமை" என்று புலி உபதேசம் செய்கிறது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, கடைசியில் ஆமையையும் கடித்துவிட்டார்கள்.

எக்கேடோ கெடட்டும் என்றுதான் சத்தக்காரி இருந்தாள். ஆனால் முந்தின நாள் அவள் மகள் பள்ளியிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். பழைய முடிவைச் சொன்னதற்காக வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்களாம். உங்கம்மா பொய் சொல்லியிருக்கிறாள் என்றாராம் டீச்சர்.

"நீ சொன்னது பொய்யாம்மா?"

அதற்குப் பிறகு சத்தக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையிடமே தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்களே என்று இரவெல்லாம் பொருமினாள்.

நிகழ்ச்சி நேரலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திருத்தத் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். சத்தக்காரி முன்னால் தண்ணீர்த் தொட்டி. கையால் மெதுவாக அளைந்தால் போதும் என்பது உத்தரவு. கதை வாசிப்பவர் கணீர் அண்ணன். குரல்தான் கணீர், ஆள் தொடைநடுங்கி. அதிகாரி தும்மினாலும் எழுந்து நிற்பார்.

"ஆமை நடு ஆற்றுக்கு வந்தது" என்று அவர் வாசித்தார்.

கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லைச் சத்தக்காரி இரண்டு கையாலும் தூக்கினாள். வேலை போய்விடும் என்று தெரியும். போனால் மயிரே போச்சு என்று தொட்டியில் போட்டாள்.

தொபுக்கடீர்.

மைக் வரை தண்ணீர் தெறித்தது. அதிகாரி பதறி எழுந்து, நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். அண்ணன் வெளிறிப்போய் அவளைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். அண்ணாந்து, காகிதத்தை முகத்துக்கு மேலே பிடித்து, புலியின் உபதேசம் முழுவதையும், முங்கிய புலி பேசுவதுபோல, ஒரு சொல் விடாமல் கொப்பளித்தபடியே வாசித்து முடித்தார்.

அதிகாரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அது என்ன சத்தம் என்று சத்தக்காரியிடம் கேட்டார்.

"புலி விழுந்துச்சுங்க."

"பேப்பர்ல அப்படி இல்லையே."

"ஆத்துல அப்படித்தாங்க."

கணீர் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் இருந்ததைத்தான் தான் வாசித்ததாகச் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக, அதிகாரி நிற்க அவர் உட்கார்ந்திருந்தார்.

இருவரையும் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஈரப் புடவையோடு நடந்து வந்தவள் தெருக்குழாயடியில் நின்றாள். வாய் நிறையத் தண்ணீரோடு நாலைந்து வாண்டுகள் அண்ணாந்து, சுமப்பதே பெருமை என்று கொப்பளித்துக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மகள் வாசலிலேயே காத்திருந்தாள். "கேட்டேம்மா. நீ பொய் சொல்லல" என்றாள். பிறகு ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஆமையைப் பிடிச்சிருவாங்களா?"

"தேடுவாங்க. ஆனா ஆமைக்கு நீந்தத் தெரியும்டி" என்று சொல்லிக் கதவை அகலத் திறந்தாள்.